திருடன் கொடுத்த சாவி

2018-ஆம் வருடம் ஆடி மாதம் எனக்கு ஒரு மெயில் வந்தது. தலைப்பில் ‘மணி1234’ என்று மட்டும் இருந்தது. பார்த்ததும் மயிர்க்கூச்செறிந்தது. பயத்தினால் அல்ல, ஆனந்தத்தினால். என் பழைய மெயில் கணக்கின் பாஸ்வேர்டு அது. மணிக்குப் பின்னால் எந்த நம்பர் என்பது மறந்துபோய், இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். டைரி, கேஸ் புத்தகம், பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கம் எல்லாம் புரட்டியும் அகப்படாததை, முன்பின் தெரியாத ஒரு புண்ணியவான் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறான்! அடித்துப் பார்த்தேன். திறந்துகொண்டது. மகளின் காதுகுத்துப் போட்டோக்கள் உள்ளே பத்திரமாக இருந்தன.

அதற்குப் பிறகுதான் கடிதத்தை வாசித்தேன். புண்ணியவான் என் கம்ப்யூட்டருக்குள் ரகசியமாகக் குடியேறிவிட்டானாம். நான் பார்க்கக்கூடாததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேமரா வழியாக என்னைப் படம் பிடித்துவிட்டானாம். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் 1,900 டாலரை பிட்காயினாக அனுப்பாவிட்டால் அந்தப் படம் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போகுமாம். அன்றைய கணக்குக்கு ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல். நான் நடித்த படத்துக்கு அவ்வளவு விலை போட்ட முதல் ஆள் அவன்தான்.

ஆனால் அவன் புளுகுகிறான் என்பதற்கு லேப்டாப்பிலேயே சாட்சி இருந்தது. அமெரிக்க நாத்தனாரின் வீடியோ காலில் ஒருநாள் நைட்டியும் தலை நிறைய எண்ணெயுமாக மாட்டிக்கொண்டதிலிருந்து, என் மனைவி கேமராவின்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறாள். எத்தனை மணி நேரம் படம் எடுத்திருந்தாலும் அவனுக்குக் கிடைத்திருப்பது பொட்டின் பின்பக்கம்தான். சிரிக்கவேண்டாம். 2016 ஜூனில் ஃபேஸ்புக் அதிபர் மார்க் ஸக்கர்பர்க் வெளியிட்ட ஒரு போட்டோவில், பின்னால் மேஜையிலிருந்த லேப்டாப்பின் கேமராமீது டேப் ஒட்டியிருந்ததை உலகமே பார்த்தது. அவருக்கு டேப், எங்களுக்குப் பொட்டு. (அதே மாதம் அவருடைய ட்விட்டர் கணக்குக்குள்ளும் ஆட்கள் புகுந்தார்கள். எங்கிருந்தோ கசிந்த அவருடைய பாஸ்வேர்டு ‘டடடா’ என்று செய்தி வந்தது. மணி1234-ஐ நினைத்து நான் பெருமைப்பட்ட ஒரே நாள் அது.)

சரி, மணி அவன் கைக்கு எப்படிப் போனான்?

“அப்பா, இதையே எல்லா இடத்திலயும் போட்டிருக்கியா?” என்றாள் மகள்.

போட்டிருந்தேன். கரண்ட் பில், ரயில் டிக்கெட், செருப்பு வாங்கிய கடை, எல்லா இடத்திலும் மணிதான் காவல். மணி எங்கள் தெருநாய். அவன் இருந்த காலத்திலும் திருடனைப் பார்த்து வாலாட்டியவன்தான். ஏதோ ஒரு தளத்தில் களவுபோன பட்டியலை ஒருவன் விற்பான். வாங்கினவன் அதே சாவியை மெஷினை வைத்து ஊரிலுள்ள எல்லாப் பூட்டிலும் திருகிப் பார்ப்பான். அந்தச் சிரமமும் படாத சோம்பேறிகள், பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரே மிரட்டலைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி அனுப்புவார்கள். பேரும் பாஸ்வேர்டும் மட்டும் மாறும். எனக்கு வந்தது அந்தப் பத்திரிகை.

ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் மெயில் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தக் களவில் அது போயிருக்கிறது என்று காட்டும். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் அன்று மாலைப் பேப்பரில் நம்பர் தேடிய அதே படபடப்பு. ஒரே வித்தியாசம், அங்கே நம்பர் வந்தால் பாஸ், இங்கே வந்தால் ஃபெயில். என் முகவரி நாலு இடத்தில் வந்திருந்தது.

துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. 2009-இல் ராக்யூ என்ற கம்பெனியிலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் வெளியே வந்தன. பூட்டுக்கூடப் போடாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். அதில் 2,90,000 பேருக்குமேல் வைத்திருந்தது 123456. எண்ணத் தெரிந்ததே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

என் ஆபீசில் தொண்ணூறு நாளுக்கொருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்வார்கள். மணி1234, மணி1235, மணி1236 என்று மணிக்குப் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டே போனேன். இந்த மாதிரி விதிகளை 2003-இல் எழுதியவர் பில் பர் என்ற அமெரிக்க அரசு அலுவலர். 2017-இல், ரிடையர் ஆனபிறகு, அதில் பெரும்பகுதிக்காக வருத்தப்படுவதாக ஒரு பத்திரிகையிடம் சொன்னார். என் பதினாலு வருடத்தை யார் தருவார்கள்?

“நீளமா இருந்தாப் போதும்ப்பா. சம்பந்தமில்லாத நாலு வார்த்தையைச் சேர்த்துக்கோ” என்றாள் மகள். நான் சும்மா இருந்திருக்கலாம். தமிழ்ப்பற்று மேலிட்டு, வாழைப்பழம், கோழி, தாழ்ப்பாள், மழை என்று ழகரமாகப் பார்த்துக் கோத்தேன். அடிப்பதோ ஆங்கில எழுத்தில். ழகரத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில் தமிழர்களுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை. எனக்குள்ளேயே வரவில்லை. வாழைக்கு ஒரு ‘ஏ’யா, இரண்டா? பழத்துக்கு ‘இஸட்’ உண்டா? ஐந்தாம் முயற்சியில் கணக்கு பூட்டிக்கொண்டது. இந்தப் பூட்டைத் திருடனாலும் திறக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

மீட்பதற்கு ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அதில் பதிந்திருந்தது மனைவியின் நம்பர். அவள் அடுப்படியில் இருந்தாள்.

“ஆறு நம்பர் வந்திருக்கும் பாரு. கொஞ்சம் படி.”

“யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்குங்க.”

“அது எனக்கு வந்ததுதான்.”

“அப்படிச் சொல்லித்தான் கேப்பாங்களாம்.”

“அது போன்ல கேக்கறவனுக்கு. நான் எதிர்ல நிக்கறேனே!”

அவள் கடுகு வெடிக்கும்வரை யோசித்தாள். ரசத்தை இறக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பதற்குள் பத்து நிமிடம் ஆகியிருந்தது. நம்பர் காலாவதி. இன்னொன்று கேட்டு பட்டனை அழுத்தினேன். அடுப்படியில் போன் மணியடித்தது.

“இன்னொண்ணு வந்திருக்குங்க” என்றாள். “இதையும் சொல்ல மாட்டேன்.”