சின்ன ஊர், பெரிய கண்

கே: இங்கிலாந்தில் குக்கிராமம்கூட உலகப் புகழ் பெறுகிறது. நம் திருப்பத்தூர் பக்கம் அப்படி ஓர் ஊர் உண்டா?

ப: ஏன் இல்லை! ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறுங்கள், காவலூர் வரும். சனி கிரகத்துக்கு அப்பால் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று தெரிந்து வைத்திருக்கும் ஊர் இது! 1977 மார்ச்சில் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட இரவில், காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் விழித்திருந்து அதைப் பதிவு செய்தது. 1988இல் இங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு நம் ராமானுஜன் பெயரையே சூட்டினார்கள். நம்மவர்களே தேய்த்து மெருகேற்றிய 2.3 மீட்டர் கண்ணாடி 1986 முதல் வானியலாளர் வைணு பாப்பு பெயரில் வானம் பார்க்கிறது.

இங்கிலாந்திலும் ஹர்ஸ்ட்மான்சூ என்ற கிராமத்தில் 1967இல் பெரிய தொலைநோக்கி ஒன்றை நிறுவினார்கள். மேகம் விடவில்லை, கடைசியில் ஸ்பெயினின் லா பால்மா தீவுக்குத் தூக்கிப்போனார்கள். காவலூருக்கும் மழைக்கால மேகம் உண்டு, அது கலைந்துவிடும். எனக்குக் கவலை அடிவாரத்து வெளிச்சம்தான். தெருவிளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் தெருவுக்கும் வெளிச்சம் கூடும், காவலூருக்கும் நட்சத்திரம் மிஞ்சும்.