வின்ரர் அண்ணை

ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. செப்டம்பர் கடைசி, வெயில் நன்றாக எறிக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் நேரே வாசலுக்குப் போகிறார்கள். ஒருவர் மட்டும் கையில் பரிசுப் பொதியோடு முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்க்கிறார்.

"வாங்கோ அண்ணை, உள்ளுக்கு வாங்கோ."

"வாறன், வாறன். உந்தப் பீலிக்குள்ளை மேப்பிள் கண்டொண்டு முளைச்சு நிக்குது. பாத்தனீரே தம்பி?"

இவர்தான் வின்ரர் அண்ணை. ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் என்று தமிழர் வீடு வாங்கிய இடமெங்கும் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். வயது அறுபதை ஒட்டியிருக்கும். எண்பதுகளின் கடைசியில் மெல்லிய ஜக்கெற் ஒன்றோடு வந்திறங்கியவர். ஊரில் மாரிக்கு முன் வீடு வேயாவிட்டால் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர். இங்கே கிடுகுக்குப் பதில் ஷிங்கிள், ஐப்பசிக்குப் பதில் ஒக்டோபர். பதற்றம் மட்டும் அதே பதற்றம்.

பீலி விஷயத்தில் அவர் சொல்வதில் பிழையில்லை. பனி மூடிய கூரைக்குள் வீட்டுச் சூடு கசிந்தால் மேலே கிடக்கும் பனி உருகும். உருகிய தண்ணீர் குளிர்ந்து கிடக்கும் கூரை ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டும். இலை அடைத்த பீலி அதற்கு வசதி செய்து கொடுக்கும். அணைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியால் நுழைந்து படுக்கையறைச் சீலிங்கில் இலங்கைப் படம் கீறும். இதை அவர் விழாவில் கேக் தட்டை வைத்தே விளக்குவார். ஐசிங்தான் பனி.

ஏணி நாலடி உயர்ந்தால் அதன் அடி சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிற்கவேண்டும் என்ற விதியையும் அங்கேயே இருபது பேருக்குச் சொல்லிக் கொடுப்பார். தன் வீட்டில் எல்லாம் கண்மட்டம். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு மனைவி நிற்பார். "இஞ்சேரப்பா, தலையைக் குனியும்" என்ற எச்சரிக்கை மேலேயிருந்து வரும். அழுகிய இலைக் கற்றை வந்து சேர்ந்த பிறகு வரும்.

பீலி முடிந்தால் வெளிக் குழாய். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும் என்பது அவர் வாயில் தேவாரம்போலக் கிடக்கும் எண். உள்ளே வால்வைப் பூட்டு, வெளியே குழாயைத் திற, மிச்சத் தண்ணீரை வடியவிடு, ஹோஸைக் கழற்று. உறையாத குழாய் என்று விற்கப்படுவதைப் பூட்டியிருந்தாலும், ஹோஸைக் கழற்றாமல் விட்டால் உள்ளே தண்ணீர் தங்கி வெடிக்கும். வெடித்தது உடனே தெரியாது என்பதுதான் இதிலுள்ள சூழ்ச்சி. மே மாதம் தக்காளிக் கன்றுக்குத் தண்ணீர் விடக் குழாயைத் திறக்கும்போது சுவருக்குள் மழை பெய்யும். நம்பாதவர்களுக்காக ஒருமுறை கோலாப் போத்தலை ஃபிரீஸரில் வைத்துக் காட்டினார். ஃபிரீஸரைத் துடைத்தது மனைவி.

ஃபேர்னஸ் ஃபில்ரர் அளவு 16 × 25 × 1. பிள்ளைகளின் பிறந்த திகதியில் தடுமாறுவார், இதில் தடுமாறமாட்டார். மலிவு விற்பனை என்று ஒரேயடியாக இருபத்துநாலு வாங்கி அடுக்கியிருக்கிறார். அதில் ஆறு, 20 × 25. அவை பொருந்தும் வீடு எதுவென்று மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். ஃபில்ரரின் ஓரத்திலுள்ள அம்புக்குறி ஃபேர்னஸைப் பார்த்தபடி இருக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார். நுண்துகளையும் பிடிக்கும் தடித்த ஃபில்ரரைப் பழைய ஃபேர்னஸில் போட்டால் அதற்கு மூச்சு முட்டும் என்றும் சரியாகவே சொல்வார். இதெல்லாம் பிரயோசனமான அறிவுதான். கழற்றிய பழைய ஃபில்ரரைச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்து, "பாத்தீங்களே, இவ்வளவையும்தானே நாங்கள் சுவாசிச்சனாங்கள்" என்று காட்டுவதைத்தான் தவிர்த்திருக்கலாம்.

ஆனால் அவரை முழு உருவில் பார்க்க வேண்டுமென்றால், ஒக்டோபரில் காற்று பலமாக வீசும் ஒரு பின்னேரம் அந்த வீட்டுக்குப் போகவேண்டும். சுவாமி அறையிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்துவார். ஜன்னல் ஜன்னலாகப் போய், சட்டத்தின் ஓரமாக அதை மெல்ல நகர்த்துவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு புகையையே பார்ப்பார். புகை நேரே எழுந்தால் ஜன்னல் பாஸ். ஒரு பக்கம் சரிந்தால் அங்கே காற்று நுழைகிறது. அந்த இடத்தில் பச்சை நாடா ஒரு துண்டு ஒட்டுவார். அடுத்த நாள் அங்கே கோக்கிங் பூசவேண்டும். வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போய்விட்டால் அது சரியாக ஒட்டாது என்பதால் அவசரம். எண்பத்தைந்து வயதுத் தாயார் கதிரையில் இருந்தபடி இதைப் பார்த்துக் கைகூப்புவார். மகனுக்கு இந்த வயதிலாவது பக்தி வந்ததே என்று அவருக்கு நிறைவு.

இவ்வளவு பாடுபட்டு அடைத்துவைத்த சூட்டை அவர் லேசில் செலவழிப்பதில்லை. தெர்மோஸ்ரற் 19இல் நிற்கும். குளிர்கிறது என்று முறையிடும் மகளுக்கு அவர் அணிந்திருக்கும் இரண்டு ஸ்வெற்றர்களே பதில். பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் பெடியனிடம்தான் இந்தப் பருப்பு வேகாது. வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை இருக்கவேண்டும் என்பது ரொறன்ரோ நகரச் சட்டம். "அண்ணை, 21" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அண்ணை எழுந்து போய் இரண்டு பாகை கூட்டிவிட்டு வந்து, ஒரு ஸ்வெற்றரைக் கழற்றுவார்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளும் நாள். அன்று வீட்டிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி எல்லாவற்றுக்கும் புது பற்றறி. மீன் பொரிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று மனைவி கழற்றி வைத்த பற்றறி மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் அகப்படும். இதில் மட்டும் அவர் பகிடி விடமாட்டார். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி படுக்கையறைகளுக்கு அருகே இருக்கவேண்டும் என்று ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டம் உண்டு. மணமும் நிறமும் இல்லாத வாயு. நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். ஒவ்வொரு கருவியின் பின்புறத்திலும் காலாவதி ஆண்டை மார்க்கரால் பெரிதாக எழுதியிருப்பார்.

அவரைப் பகிடி பண்ணியவர்கள் வாயடைத்தது 2013இல். அந்த டிசம்பர் 21, 22 திகதிகளில் உறைமழை பெய்து, மரமும் மின்கம்பியும் கண்ணாடிபோல ஐஸில் மூடி முறிந்தன. ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 3,00,000 மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில தெருக்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாள் பிடித்தது. கராஜில் ஜெனரேற்றரை ஓடவிட்டும், வீட்டுக்குள் கரி மூட்டியும் நச்சுவாயுவில் அகப்பட்டவர்களும் உண்டு. அண்ணை வீட்டில் ரோர்ச் லைற், பற்றறி, கம்பளி, தண்ணீர் எல்லாம் தயாராக இருந்தன. நாலு குடும்பம் வந்து தங்கியது. வந்தவர்களுக்கு முதலில் தேத்தண்ணீரும் பிறகு பீலி பற்றிய விளக்கமும் கிடைத்தன. இருட்டில் எழுந்து போக ஒருவருக்கும் வழியில்லை.

இனி மிச்சம் ஒன்று. பின்வளவில் சமர் முழுக்கத் தழைத்து நின்ற கறிவேப்பிலைச் சாடி. உறைபனி பட்டால் அது தாங்காது என்பதால் பீலிக்கும் குழாய்க்கும் முன்பாகவே உள்ளே வந்துவிடும். வருவதற்கு முன் ஒவ்வோர் இலையின் அடிப்புறத்தையும் சவர்க்காரத் தண்ணீரால் துடைப்பார். பூச்சி இருந்தால் வீட்டுக்குள் பெருகிவிடும். துடைக்கும்போது அவர் முகத்தில் வரும் கனிவு, மகளின் முதலாம் வகுப்புப் படத்தில் இருப்பதாக மனைவி சொல்கிறார். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் இல்லையாம்.

சாடிக்குத் தெற்கு ஜன்னலுள்ள விருந்தினர் அறை. அங்கே தனியாக ஒரு குட்டி ஹீற்றர், அதுவும் 23இல். நத்தார் லீவுக்கு மொன்றியலிலிருந்து வரும் மருமகன் ஹோலில் சோபாவில் படுக்கிறான்.