மடியில கனம்

இன்னாடா பேராண்டி, பொட்டிய இப்பவே கட்டிட்டியா? பயணத்துக்கு இன்னும் பத்து நாளு கெடக்குதே! புடாபெஸ்ட்டாம், டான்யூப் ஆத்தங்கரையாம். நாலு நாளுல பதினெட்டு எடம். ஒம்போதுக்குக் கோட்டை, ஒம்போதே முக்காலுக்குக் கோயிலுன்னு மணி போட்டு எழுதியிருக்கே. ஒண்ணுக்குப் போவ மணி எங்கடா?

ஆத்துக்கு இந்தாண்ட மேட்டுல புடா, அந்தாண்ட சமதரையில பெஸ்ட்டு. 1849-ல நடுவுல சங்கிலிப் பாலம் தொறந்தான், 1873-ல ஒரே ஊரா ஆக்கிட்டான். இதை எதுக்குடா படம் போட்டு வெளக்கறே, ஒரு தறிக்காரன்கிட்ட? ஒடம்பு ஒரு நெறம், கரை ஒரு நெறம். மூணு நாடா ஓட்டி, ஒத்தாசைக்குப் பக்கத்துல ஒரு ஆளை ஒக்கார வெச்சு, இழைக்கு இழை மாட்டிவுட்டா அதான் கோர்வை. புடிச்சு இழுத்தாலும் பிரியாது. அவன் ஆத்தங்கரைய சேத்தான், நாங்க சேலைக் கரைய சேக்கறோம்.

ராத்திரி படகுல ஒக்காந்து வெளக்குப் போட்ட பார்லிமெண்ட்டைப் பாக்கத் தனி டிக்கெட்டாமே? பாரு, நல்லா பாரு. 96 மீட்டரு ஒசரம். ஸ்டீபன் பேருல கட்டின மாதா கோயிலும் அதே 96. ராசாங்கத்துக்கும் சாமிக்கும் சண்டை வராம அளந்து வெச்சிருக்கான். வெவரமானவன்தான்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. ஆத்தங்கரைத் தலைநகரம்னு அவ்ளோ தொலைவு போறியே, பல்லவனுக்குத் தலைநகரம் எது? காஞ்சியாண்ட வேகவதி ஓடலையா? பரமேஸ்வரவர்மன் பாலாத்துலருந்து பெரும்பிடுகுன்னு ஒரு கால்வா வெட்டி நம்ம கூரத்து ஏரிக்குத் தண்ணி கொண்டாந்தான். கோயில் மண்டபத்துல பாரதம் வாசிக்கறவனுக்குன்னு ஒரு பங்கு எழுதி வெச்சான். எல்லாம் கூரத்துச் செப்பேட்டுல கீது. அந்தக் கல்லுக் கோயிலுக்கு ஆயிரத்து முந்நூறு வருசம் ஆச்சு. "தாத்தா, அது இன்னா பழைய குடோனா?"ன்னு போன பொங்கலுக்குக் கேட்டது ஆரு? நம்ம ஊரு பல்லவர் காலத்து நடராசரு எழும்பூர் மியூசியத்துல நிக்கறாரு. காலைக் குறுக்க வீசாம, முழங்காலை மடக்கி மேல தூக்கியிருப்பாரு. அதுக்கு விசா கேப்பானா?

வேகவதின்னதும் ஞாபகம் வருது. பிரம்மா யாகத்தைக் கெடுக்க சரசுவதி ஆறா பொங்கி வந்தாளாம். பெருமாளே குறுக்க படுத்து அணை போட்டாராம். சின்ன காஞ்சில யதோத்காரியா இன்னும் படுத்துக்கினுதான் கீறாரு. இப்ப அந்த ஆத்தைப் பாத்தா எழுந்து மூக்கைப் பொத்திப்பாரு. ஆழ்வாரு பாடிக் கூப்பிட்டப்பவே பாம்புப் பாயைச் சுருட்டிக்கினு கெளம்பினவருதானே, அவருக்குப் பழக்கந்தான்.

அது சரி, சட்டைக்குள்ள இன்னாடா பட்டை? பாஸ்போர்ட்டு, யூரோ நோட்டு, ரெண்டு கார்டா? ஜேப்படிக்காரனுக்குப் பயந்து தொப்பைய வளத்துக்கினியா? நம்ம ஊருல வாழ்ந்த பெரியவரு கூரத்தாழ்வான் சொத்தெல்லாம் வுட்டுட்டு சீரங்கம் கெளம்பினாரு. காட்டு வழி. பொண்டாட்டி ஆண்டாள் பயமா இருக்குதுன்னாங்க. "மடியில ஏதாச்சும் கீதா?"ன்னாரு. நீங்க சாப்பிடறதுக்குப் பொன் வட்டில்னாங்க. வாங்கி வீசிட்டு நடந்தாரு, அவ்ளோதான். அவரு ஏன் ஊரை வுட்டாரு தெரியுமா? ராத்திரி அவரு வூட்டுக் கதவு சாத்தற சத்தம் காஞ்சிப் பெருமாள் கோயில்ல தாயாரு காதுல வுழுந்து, அது இன்னா சத்தம்னு கேட்டாங்களாம். நம்ம செல்வம் இவ்ளோ சத்தம் போடுதான்னு மனுசன் கூசிப் போயிட்டாரு. நீ இன்னும் வாசப்படியே தாண்டல, ஸ்டேட்டஸ்ல போட்டு ஊருக்கே சத்தம் கேட்டுடுச்சு.

போயிட்டு வா, வோணாம்னு சொல்லல. பிரிட்ஜுல ஒட்ற காந்தமெல்லாம் எனக்கு வாங்கியாராதே. அந்தப் படகுல போறப்ப, இவ்ளோ பெரிய ஊரு சாக்கடையைக் கொண்டுபோயி எங்கடா வுடறீங்கன்னு மட்டும் விசாரிச்சுக்கினு வா. வழிகாட்டிப் பையன் சிரிப்பான். சிரிக்கட்டும், நீ கேளு.