மனைவிக்கு மட்டும் ரகசியம்

நம்ம ஊர்க் கணவரின் கடன் ராணுவ ரகசியம் மாதிரி. வங்கிக்குத் தெரியும். 300-லிருந்து 900 வரை மதிப்பெண் போடும் சிபிலுக்குத் தெரியும். அடகுக் கடைக்காரருக்கு கிராம் கணக்கில் தெரியும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட நண்பருக்குத் தெரியும். அவர் புண்ணியத்தில் ஆபீஸுக்கே தெரியும். தெரியாத ஒரே ஜீவன் வீட்டுக்காரம்மா.

கேட்டால், "சொன்னா அவ பயந்துடுவா சார்" என்பார். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம், ஆண்டுக்கு 42 சதவீதம் வட்டி என்று பார்த்தும் பயப்படாத வீரர் இவர்! 'மினிமம் டியூ' கட்டிய அன்றைக்குக் கடனே தீர்ந்த களிப்பில் பிரியாணி ஆர்டர் செய்பவர்; அதையும் அதே கார்டில்.

அம்மணியும் லேசுப்பட்டவர் இல்லை. மகளிர் குழுக் கடன் பற்றி அவரும் மூச்சு விட்டதில்லை, "சொன்னா அவருக்கு பிரஷர் ஏறிடும்."

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, தம்பதிகள் மனம்விட்டுப் பேச தினமும் 13 மணி நேரத்தை ரிசர்வ் வங்கியே ஒதுக்கித் தந்திருக்கிறது. நம்மவர்தான், சீரியல் முடியட்டும் என்கிறார்.