மாமா பதில்கள்: குண்டுமணி தங்கம்

கே: பாறையில் இருக்கும் தங்கத்தை பிளாஸ்டிக் மணி போட்டுப் பிடிக்கிறார்களாமே? ரீல்தானே?
ப: நிஜம். உஸ்பெகிஸ்தானின் கிசில்கும் பாலைவனத்தில் முருந்தாவ் சுரங்கம். 1970 வாக்கிலிருந்தே இந்த வேலை நடக்கிறது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்து, அந்தக் குழம்பில் ரெசின் மணிகளைக் கொட்டுகிறார்கள். அப்புறம் சல்லடை. சேறு கீழே, சீர்வரிசை மேலே.

கே: அமிலத்துக்கே அசையாத தங்கம் சயனைடில் கரையுமா?
ப: காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் கூட நின்றால் கரையும். 1887-இல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் இதற்குக் காப்புரிமை கேட்டார்கள். தங்கத்துக்காக விஷம் வைத்தவர்கள் உண்டு. தங்கத்துக்கே விஷம் வைத்தவர்கள் இவர்கள்.

கே: மணிக்குத் தங்கத்தின் மேல் அப்படியென்ன ஆசை?
ப: ஆசையில்லை, மின்னூட்டம். சயனைடோடு சேர்ந்த தங்கம் எதிர்மின் அயனி. மணியில் ஒட்டியிருக்கும் அமீன் தொகுதிகள் நேர்மின். அதுவரை அங்கே குடியிருந்த குளோரைடு வெளியே, தங்கம் உள்ளே. சாதாரண உப்பில் கிடக்கிற குளோரைடு. தங்கத்தைக் கண்ட பிறகு அதற்கு மரியாதை ஏது?

கே: பிடித்ததை விடுமா?
ப: எனக்குப் பிடித்த கட்டமே இதுதான். அமிலத்தோடு தயோயூரியாவை ஊற்றினால், தங்கம் சயனைடைக் கைகழுவிவிட்டுத் தயோயூரியாவோடு சேர்ந்து நேர்மின் அயனியாகிவிடும். மணியும் நேர், தங்கமும் நேர், ஒட்டுமா? கழன்று வந்ததை மின்பகுப்புத் தொட்டியில் படிய வைக்கிறார்கள். கட்சி மாறினால் பழைய வீட்டில் இடமில்லை. வேதியியலில் மட்டும்.

கே: தங்கம் பிடிக்க உலகமே கரியைத்தானே நம்புகிறது?
ப: ஆமாம். 1973-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் சுரங்கம் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தது. கரி மலிவு. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் படுத்துவிடும். எழுப்ப 650 டிகிரிக்கு மேல் சூளையில் வறுக்க வேண்டும். ரெசினுக்கு அந்த வறுவல் வேண்டாம்.

கே: அப்போது ரெசினுக்குக் குறையே இல்லையா?
ப: விலை. மணி பொடிசு என்பதால் சல்லடையும் நுணுக்கம். போதாக்குறைக்கு, தங்கத்தைக் கூட்டி வரச் சொன்னால் செம்பையும் துத்தநாகத்தையும் சேர்த்துக் கூட்டி வரும்.

கே: பாறையே தங்கத்தைத் திருடுமாமே?
ப: மலேசியாவில், பகாங் மாநிலத்துப் பெஞ்சோம் சுரங்கத்தில் திருடியது. தாதுவிலேயே கரிப்பொருள். கரைந்த தங்கத்தை அதுவே இழுத்துக்கொண்டது. நாம் போடும் கரிக்கும் பாறையின் கரிக்கும் போட்டி! ரெசினைப் போட்டார்கள், அது முந்திக்கொண்டது. வீட்டுத் திருடனைப் பிடிக்க வெளியாள்தான் சரி.

கே: முருந்தாவ் ரெசின் விஷயத்தில் சோவியத்காரர்கள் மட்டும் எப்படி முந்தினார்கள்?
ப: யுரேனியம் பிரித்துப் பழகிய கை. குண்டுக்குக் கற்ற வித்தை குண்டுமணிக்கும் உதவியது.

கே: எங்கள் வீட்டு உப்புத்தண்ணீர் மெஷினிலும் ரெசின் இருக்கிறதே, போர்வெல்லில் தங்கம் சிக்குமா?
ப: அது கால்சியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனியைப் பிடிக்கும் ஜாதி. வேறு ரெசின் மாற்றினாலும் தண்ணீரில் சயனைடு இருந்தாக வேண்டும். இருந்தால், அடுத்த வாரம் கேள்வி அனுப்ப நீங்கள் இருக்க மாட்டீர்கள்.