டிஸ்ட்ரோ அண்ணன்

சிங்கப்பூரின் வடக்கே, கிராஞ்சியை ஒட்டிய தொழிற்பேட்டைகளில் நிறுவனங்களின் சர்வர்களைக் காத்துவரும் தமிழர்களுள் ‘டிஸ்ட்ரோ அண்ணன்’ எனத்தக்க ஒரு வகையினர் உண்டு. லினக்ஸ் கெர்னலோடு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டி வெளியிடப்படும் தொகுப்பே டிஸ்ட்ரோ. வாடிக்கையாளர் நேரடியாகப் பயன்படுத்தும் சர்வரில், அதாவது புரொடக்‌ஷனில், அவற்றுள் எதை ஏற்றலாம் என்று எவரேனும் கேட்டால், அண்ணன் விடை சொல்வதில்லை, “எத்தன வருசத்துக்கு பேட்ச் வரும்?” என்று திருப்பிக் கேட்பார். பேட்ச் என்பது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தம். அது நின்றுபோன சர்வரைத் தணிக்கையாளர் பார்க்கும் பார்வை தனி.

சூதாட்டம் குடும்பத்துக்கு ஆகாது என்ற கொள்கையால், 2000 முதல் கிராஞ்சியில் நடந்துவந்த குதிரைப் பந்தயத்தில் ஒரு வெள்ளிகூடக் கட்டாத அண்ணன், சென்டாஸ் மீது மட்டும் கம்பெனியையே கட்டினார். ரெட்ஹேட் நிறுவனம் சந்தாவுக்கு விற்கும் டிஸ்ட்ரோவின் மூலநிரலிலிருந்து உருவாகி இலவசமாகக் கிடைத்த சென்டாஸின் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆயுள் என நம்பியிருந்த நிலையில், 2021 இறுதியோடு அது முடியும் என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்தது. மாற்றாக ராக்கி, ஆல்மா ஆகியவை தோன்ற, அண்ணன் ராக்கிக்கு மாறினார். 2023 ஜூனில் ரெட்ஹேட், ராக்கிக்கும் அடிப்படையான தன் மூலநிரலைப் பொதுவில் வழங்குவதைச் சுருக்கிக்கொண்டது. பந்தயத் திடல் மூடப்படவிருக்கும் செய்தியும் அதே மாதம் வெளிவந்தபோது, அண்ணன் வருந்தியது எதற்கென்று வீட்டாருக்கு விளங்கவில்லை.

உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு இலவசமாகவே 5 ஆண்டு பேட்ச் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொள்வார். ஆனால் மேலாளர் கையொப்பமிடும் தாளில் ‘ஜாமி ஜெல்லிஃபிஷ்’ என்ற பதிப்புப் பெயரை எழுத அவருக்குக் கூசும். டெபியன் தன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பாத்திரங்களின் பெயரை வைப்பதும் அவ்வாறே. இத்தனை கண்டிப்பும் அலுவலகத்தோடு சரி. வீட்டு மடிக்கணினியில் ஓடுவதோ, பதிப்பு எண்ணே இல்லாமல் ஓயாது புதுப்பிக்கப்படும் ஆர்ச்.

ஞாயிறுதோறும் டோபி காட்டில் ரயில் மாறித் தேக்காவுக்கு வரும் அண்ணனிடம், புதிதாகத் தொழில் தொடங்கிய தம்பி ஒருவர் தே தாரிக் வாங்கிக் கொடுத்து முடிவு கேட்பார்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துட்டா யாருக்குப் போன் போடுவீங்கன்னு ஆடிட்டர் கேப்பாரு தம்பி. ரெட்ஹேட் சந்தா எடுத்துருங்க.”

“எவ்ளோண்ணே ஆகும்?”

அண்ணன் தொகையைச் சொல்வார். தம்பி கோப்பையைக் கீழே வைத்ததும், டெபியனின் அருமை பெருமைகள் தொடங்கும்.