ஒறம்பரை வந்திருக்கு மாப்ள

உக்காரு மாப்ள. கம்பெனிக் கணக்கு வழக்கெல்லாம் ஒண்ணாப் பாக்கற ஈ.ஆர்.பி. சாப்ட்வேர் போடப் போறயாமா? பெங்களூர்ல இருந்து கன்சல்டன்ட் ஒறம்பரை வந்து ஏசி ரூமுல படம் ஓட்டிட்டுப் போனாங்களாமா? நல்ல சோலி. பனியன் கம்பெனியிலயே தலை நரைச்சவன் நான், கம்ப்யூட்டரைப் பத்தி எனக்கென்ன தெரியும்? கேட்டாக் கேளு, கேக்காட்டிப் போச்சாது.

படம் ஓட்டுனவன் கொஞ்சம் வயசானவனா, நீ எதைக் கேட்டாலும் "அது ஸ்டாண்டர்டாவே இருக்குதுங்க"ன்னு சொல்லியிருப்பானே? அவனை நல்லாப் பாத்து வெச்சுக்க. அட்வான்ஸ் குடுத்த பொறகு பாக்க முடியாது. திங்கக்கிழமை பையைத் தூக்கீட்டு வந்து எறங்கறது எல்லாம் போன வருசம் காலேஜ் முடிச்ச பசங்களாத்தான் இருக்கும். கெட்டிக்காரப் பசங்க, குத்தம் சொல்லலை. காம்பாக்டிங்னா என்ன, செக்கிங்ல எத்தனை பீஸ் தள்ளுபடி ஆகும்னு உன்ற கட்டிங் மாஸ்டர்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க. அதையே கட்டம் கட்டமா வரைஞ்சு, 'புளூபிரின்ட்'னு அட்டை போட்டு உனக்கே விப்பாங்க. அவங்களுக்கு நாள் கணக்குல பில்லு, மாஸ்டருக்கு ஒரு டீ.

அந்த அட்டையில உன்ற கையெழுத்துக் கேப்பாங்க. படிக்காமப் போட்டுரு சாமி. படிச்சீன்னாத்தான் வெசனம். நூல் கிலோவுல வருது. டையிங்குக்குப் போன துணி எடை கொறைஞ்சு திரும்புது. கட்டிங் டேபிளைத் தாண்டுனா கிலோ பீஸாயிருது. இந்தக் கொறைச்சலை எங்க எழுதியிருக்காங்கன்னு நீ தேடுவே, இருக்காது. ஜாப் ஒர்க்குக்கு டெலிவரி சலான் போட்டு அனுப்புன சரக்கு 1 வருசத்துக்குள்ள திரும்பலைன்னா, அனுப்புன அன்னைக்கே வித்துட்ட மாதிரிதான்னு ஜி.எஸ்.டி. சட்டம் வரி கேக்கும். மெசினுன்னா 3 வருசம். அந்த நாளை எண்ணிச் சொல்ற ரிப்போர்ட் எங்கடான்னு கேட்டுப்பாரு. "அது ஸ்கோப்ல இல்லீங்க, சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடோணும்"பாங்க. பழைய டேலிக் கணக்கை ஏத்தறது? அதுவும் ஸ்கோப்ல இல்லை. செக்கிங் பொம்பளைங்களுக்குத் தமிழ்ல சொல்லிக் குடுக்கறது? அதுக்குத் தனி ரேட்டு.

நாள் கூலிக்கு ஒத்துக்கிட்டயா, மொத்தத்துக்குப் பேசுனயா? நாள் கூலியா, பலே! நம்ம தோட்டத்துல போர் போட்டப்போ அடிக்கு இவ்வளவுன்னு காசு வாங்குன வண்டிக்காரன், தண்ணி வரலைன்னதும் என்ன சொன்னான்? "இன்னொரு நூறடி போய்ப் பாத்தரலாமுங்க." வேற என்னத்தைச் சொல்லுவான்?

என்ற பேரன் போன்ல படிச்சுக் காட்டுனான், ஜெர்மனிக்காரன் லிடில் கதையை. பத்தாயிரம் கடைக்கு மேல வெச்சிருக்கறவன். 2011-ல எஸ்.ஏ.பி.ங்கற ஈ.ஆர்.பி. சாப்ட்வேரைப் போட ஆரம்பிச்சான். சரக்கோட மதிப்பை வாங்குன விலையிலதான் கட்டுவோம், அதுதான் எங்க வழக்கம்னு அவன் சொன்னான். அந்த சாப்ட்வேரோ விக்கற விலையில மதிப்புக் கட்டுறது. ஒண்ணு இவன் வழக்கத்தை மாத்திருக்கோணும், இல்லைன்னா இது நமக்கு ஒத்துவராதுன்னு வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்கோணும். ரண்டும் பண்ணலை. வளைச்சாங்க, இன்னும் வளைச்சாங்க, ஏழு வருசம் வளைச்சாங்க. 50 கோடி யூரோ போனதா சொல்றாங்க. 2018-ல எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டுப் பழைய சிஸ்டத்துக்கே போய்ட்டான். அத்தனை கன்சல்டன்ட் இருந்தும் ஒருத்தன் தடுக்கலையான்னு பேரன் கேக்கறான். அட, தடுக்கறதுக்குப் பில்லுப் போட முடியாதேடா!

அதுக்காக எல்லாப் பாவத்தையும் அவங்க தலையிலயே கட்டீராதே. மொதலாளி அவசரம்னு ஒண்ணு இருக்குது. அமெரிக்காவுல ஹெர்ஷின்னு மிட்டாய்க் கம்பெனி, 11 கோடி டாலருக்கு மேல போட்டுப் புது சிஸ்டம் வாங்குனான். 48 மாசம் ஆகும்னதை 30 மாசத்துல முடின்னு வெரட்டுனான். 1999 ஜூலையில ஓட்ட ஆரம்பிச்சான். அக்டோபர் கடைசியில அங்க ஹாலோவீன், பிள்ளைங்க வீடு வீடாப் போய் மிட்டாய் வாங்கற நோம்பி. குடோன்ல சரக்கு கெடக்குது, கம்ப்யூட்டருக்குத் தெரியலை. 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியலை. நீயும் ஷிப்மென்ட் மாசமாப் பாத்து ஆரம்பி மாப்ள. பையர் மெயில் மேல மெயில் போடறப்ப, பழைய நோட்டையும் ஒளிச்சு வெச்சுரு. ரண்டு மாசம் ரண்டையும் சேத்து ஓட்டிப் பாத்தா நிம்மதியாத் தூங்கீருவே, அது ஒடம்புக்கு ஆகாது.

இன்னொண்ணு. பாஸ்வேர்டை அவங்ககிட்டயே விட்டுரு. உனக்குன்னு எழுதிக் குடுத்த புரோகிராம் யாருக்குச் சொந்தம்னு அக்ரிமென்ட்ல கேட்டுராதே, மரியாதையா இருக்காது. நாளைக்கு ஒரு ஜி.எஸ்.டி. ரேட்டு மாறுனா அவங்களுக்கே போன் போடு, ஒறவு விட்டுப்போகாம இருக்கும்.

அவங்க கூட உக்கார நம்ம ஆளு ஒருத்தர் வேணும்னாங்களா? யாரை உட்டுருக்கே? அந்த வேலை வெட்டியில்லாத உன்ற சின்ன மச்சானையா! அதான பாத்தேன். ஸ்டோர்ஸ்ல உக்காந்திருக்குதே ஒரு பொண்ணு, எந்த ரோல் எந்த ரேக்குல இருக்குதுன்னு கண்ணை மூடிச் சொல்லுமே, அதை உடு. அது இல்லாம நாலு நாளைக்கு ஸ்டோர்ஸ் தெணறும், தெணறட்டும். ஒறம்பரை போன பொறகு கணக்குத் தெரிஞ்ச ஆளு நம்ம ஊட்டுல ஒருத்தியாச்சும் இருப்பா. கையோட அவ சம்பளத்தையும் ஏத்தீரு. இல்லைன்னா அடுத்த வருசம் பெங்களூர் கம்பெனி பேக்கை மாட்டீட்டு அவளே உன்ற ஏசி ரூமுல வந்து படம் ஓட்டுவா.